டிக்கிக்குள் வைத்த பிஸ்கட் டின்

கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத இடத்தில், பல்பும் வயரும் விற்றுத் தொடங்கியவன் நான். குனிந்து வியாபாரம் செய்தே அதைப் பெரிய கடையாக்கினேன். கலவரத்தில் அது எரிந்தது. எரிந்த கடையின் இரும்புக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்து வெள்ளவத்தையில் எடுத்த புதுக் கடைக்குப் பூட்டினேன். நெருப்பில் நெளிந்த கதவு, இன்றைக்கும் இழுத்தால் மூடும். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒழுங்கையில் வீடு கட்டினேன். மேசன் பாதியில் போய்விட, மேல்மாடிப் படியை நானே வார்த்தேன். வாசல் இரும்புக் கேற் நான் ஒட்டியது. தண்ணீர்த் தாங்கி நான் ஏற்றியது. மின்வெட்டுக் காலத்தில் ஒழுங்கையே இருட்டில் கிடக்க, என் வீட்டில் மட்டும் லொறி பற்றரியில் விளக்கெரிந்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவேன், அதற்கு மேல் இல்லை.

இவ்வளவையும் செய்தபோது எனக்கு எதிராக நின்றது கொஞ்சமல்ல. கலவரம் நின்றது, யுத்தம் நின்றது, பணம் நின்றது, பாஷை நின்றது. அதனால் என் கையால் செய்த எதையும் வேறு ஒருவர் செய்ததாகச் சொல்ல நான் விட்டதில்லை. படி நல்லாயிருக்கு, ஆர் மேசன் என்று யாராவது கேட்டால், சாப்பாட்டை விட்டுவிட்டு எழும்பி வந்து நான்தான் என்பேன். மனைவிக்கு இது பெரிய வெட்கம்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் ஒரு சின்னப் புத்தகம். என் அக்காவின் கணவர், என் அத்தான், போன மாதம் காலமானார். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்கு, நம்முடைய வழக்கப்படி, அவருடைய படமும் தேவாரமும் வாழ்க்கைக் குறிப்பும் போட்ட நினைவு மலர் கொடுத்தார்கள். அதில் ஓர் இடத்தில், யுத்த காலத்தில் அவர் தவறுதலாகக் கைது செய்யப்பட்டு அடைபட்டிருந்ததையும், 'மைத்துனரின் மதிநுட்பத்தாலும் துணிச்சலாலும்' விடுதலையானதையும் எழுதியிருக்கிறார்கள். அந்த மைத்துனர் நான். வெளியே எடுத்தது நான் என்று இருக்கிறது. உள்ளே போட்டதில் என் பங்கு என்ன என்று ஒரு சொல் இல்லை. பந்தியில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். என் இலையில் பாயசம் ஊற்றினார்கள். நான் குடித்தேன்.

கார் என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் வேறு எதையோ நினைப்பார்கள். நான் சொல்வது நம்பர்ப் பலகையில் ஸ்ரீ எழுத்துப் போட்ட அந்தக் காலத்துக் கார், இங்கிலீஷ்காரன் செய்தது, ஆமை மாதிரி முதுகு. முகத்துவாரத்தில் ஒரு வளவில் அதற்குள் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டுக் காரை வாங்கினேன். தரை உக்கிப் போயிருந்தது. பால்மா டின்களை விரித்து வெட்டி ஒட்டினேன். கேற்றுக்கு அடித்த பச்சைப் பெயின்ரில் மிச்சமிருந்ததைக் காருக்கும் அடித்தேன். பெற்றோல் தாங்கி கசிந்தால் உடுப்புச் சவர்க்காரத்தைத் தேய்த்து அடைப்பேன். காபரேற்றரில் ஊசித் துளை அடைத்தால் ஈர்க்கு விளக்குமாற்றில் ஒரு மெல்லிய ஈர்க்கை முறித்துக் குத்துவேன். வெள்ளவத்தைக் கடற்காற்று காரைத் தின்ற அளவுக்கு நான் திரும்பக் கட்டினேன். பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் வாங்குவேன், ஆனால் ஒரு கராஜுக்குள் அந்தக் காரை விட்டதில்லை.

"உங்கட காரிலை ஒரு கலியாண வீட்டுக்குப் போறதெண்டால், தள்ளுறதுக்கு நாலு பேரையும் சேர்த்து ஏத்திக்கொண்டெல்லோ போகவேணும்," என்பாள் மனைவி.

"தள்ளினாலும் போய்ச் சேர்ந்தனாங்கள்தானே?"

"சேர்ந்தனாங்கள். பந்தி முடிஞ்ச பிறகு."

அந்தக் காரில் ஒரு நோய் இருந்தது. பெற்றோலைத் தாங்கியிலிருந்து எஞ்சினுக்கு இழுத்துக் கொடுப்பது ஒரு சின்ன எலெக்ற்றிக் பம்ப். சாவியைத் திருகியவுடன் டிக் டிக் டிக் என்று அடிக்கும். எஞ்சினுக்குப் போதிய பெற்றோல் சேர்ந்ததும் அடங்கும். அது முன்பக்கம் எஞ்சினோடு பொனற்றுக்குள் இருந்ததால், கொழும்பு வெயிலில், வாகன நெரிசலில், சூடேறி வேலை செய்யாமல் நின்றுவிடும். காலி வீதி நடுவில், பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்க, நான் இறங்கி ஈரத் துணியைப் பம்பில் சுற்றிக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் எனக்கு யோசனை வந்தது. பம்பைக் கழற்றி, சூடில்லாத இடத்தில், டிக்கிக்குள் ஸ்பெயார் ரயருக்குப் பக்கத்தில் வைத்தேன். தூசி போகாமலும் ஆடாமலும் இருக்க ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் இறக்கி, சுற்றி ரியூப் ரப்பரை அடைத்தேன். டின் மூடியில் ரோசாப்பூப் படம். பழைய வயரை நம்பாமல் பற்றரியிலிருந்து நேரே சிவப்பு வயர் இழுத்தேன். நடுவில் ஒரு சுவிச்சைப் போட்டு, அதைச் சாரதி இருக்கைக்குக் கீழே, கை வைத்துத் தடவினாலும் தெரியாத இடத்தில் ஒளித்தேன். அதை அணைத்துவிட்டுப் போனால், கள்ளன் காரைக் கிளப்பினாலும் கொஞ்சத் தூரம் போய் நின்றுவிடும்.

கார் பிறகு நிற்கவேயில்லை. மத்தியான வெயிலில் பொரளைச் சந்தியில் பெரிய கார்கள் கொதித்து நிற்க, என்னுடையது போகும்.

அந்த ஏற்பாட்டில் ஒரு குணம் உண்டு. சாவியை எடுத்துவிட்டாலும், சுவிச்சை அணைக்காவிட்டால், பம்புக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். சத்தம் போடாது. ஆனால் பெற்றோல் கொஞ்சம் பின்னுக்கு வடிந்தால், நினைத்து நினைத்து ஒரு தடவை டிக் என்று அடிக்கும். எனக்கு அது பழக்கம். இறங்கும்போது கை தானாக இருக்கைக்குக் கீழே போகும்.

கொழும்பில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. தமிழனுடைய கார், பழைய கார், டிக்கிக்குள் வயர் போன டின். மனைவி சொன்னாள், இதை எடுத்துவிடுங்கோ, ஒருநாளைக்கு வில்லங்கம் வரும் என்று. நான் கேட்கவில்லை. ஏனென்றால் சாவடியில் நிற்கும் ஆமிக்காரர்களுக்கு நான் அதைத் திறந்து காட்டுவேன். எனக்கு வரும் சிங்களத்தில், இது நான் செய்தது, மே மம ஹதபு எக, என்று விளக்கம் சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அவர்கள் வைத்த பெயர் பிஸ்கட் முதலாளி. தூரத்தில் பச்சைக் காரைக் கண்டதும் "பிஸ்கட் முதலாளி, யண்ட யண்ட", போங்கோ போங்கோ, என்று கையைக் காட்டி விடுவார்கள். பயந்த காலத்தில் ஆமிக்காரனைச் சிரிக்க வைத்தவன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

அத்தானும் அக்காவும் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். அத்தான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவர். இங்கிலீஷும் சிங்களமும் எழுதுவார். எனக்கு வந்த கடிதங்கள், கடை லைசன்ஸ், பொலிசில் வீட்டிலுள்ளவர்களைப் பதியும் பத்திரம், எல்லாவற்றையும் அவர்தான் நிரப்பித் தந்தார். நிரப்பிவிட்டுச் சும்மா நீட்டமாட்டார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லுவார்.

"விளங்கிச்சோ தம்பி? விளங்காமல் ஒண்டிலையும் கையெழுத்து வையாதையும்."

"நீங்கள் எழுதினால் சரிதானே அத்தான்."

"நான் எழுதினது சரி. வைக்கிறது நீரெல்லோ."

அவருக்கு அவசரமே கிடையாது. நான் கடையைத் திறக்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருப்பேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குவார். ஐந்தாம் வகுப்புக்காரன் தானே என்று ஒரு தரமும் தாண்டிப் போனதில்லை.

அக்காவுக்குக் கண்ணில் ஒப்பரேசன் செய்தார்கள். பொரளைப் பக்கம் ஆஸ்பத்திரி. வீட்டுக்குக் கூட்டிவரும் நாளில் என்னைக் கேட்டார்கள். கடையில் சாமான் இறங்குகிற நாள், என்னால் போக முடியவில்லை. அத்தான் கார் ஓட்டுவார், மெதுவாக, இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு. காலையில் வந்து காரை எடுத்தார். எதையும் தொடமுன் சுற்றிப் பார்க்கிற மனுசன். குடையை வைக்க டிக்கியைத் திறந்தார்.

"தம்பி, இந்த டின் என்ன?"

"அது பம்ப் அத்தான்."

"பம்ப் ஏன் டின்னுக்குள்ளை? இந்த வயர் எங்கை போகுது?"

நான் கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். இருக்கைக்குக் கீழே கையைப் பிடித்து வைத்து, இதுதான் சுவிச், இறங்கும்போது அணையுங்கோ, யாரும் கேட்டால் பெற்றோல் பம்ப் என்று சொல்லுங்கோ என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"உங்களுக்கு விளங்காது அத்தான். நீங்கள் ஓட்டுங்கோ, அது தன்பாட்டிலை வேலை செய்யும்."

சுவிச்சை நானே போட்டுவிட்டேன், அவர் காணாமல். அவர் குடையைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு போனார்.

அவசரம் என்று மட்டும் சொல்லித் தப்ப நான் விரும்பவில்லை. அந்தக் காரை யார் எடுத்துக்கொண்டு போனாலும், சுவிச் தெரியாமல் எங்காவது நின்றால் கடைக்குப் போன் அடிப்பார்கள். நான் போய் ஒரு தட்டுத் தட்டிக் கிளப்புவேன். என்ன செய்தனீங்கள் என்று கேட்டால் சிரிப்பேன். நான் இல்லாமல் ஓடாத காராக அதை ஆக்கியது நான்தான். அதில் எனக்கொரு ருசி இருந்தது. படித்த அத்தானுக்கும் விளங்காத ஒன்று என்னிடம் இருக்கிறது என்ற ருசி.

திரும்பி வரும்போது மருதானைக்குக் கிட்ட ஒரு சாவடியில் மறித்தார்கள். என்னைத் தெரிந்த ஆமிக்காரர்கள் அல்ல. நடந்ததை எனக்குச் சொன்னது அக்கா. அவளுக்கு ஒரு கண்ணில் கட்டு, மற்றக் கண்ணிலும் பார்வை மட்டு. காதால் கேட்டதைத்தான் சொன்னாள். பொடியன் ஒருவன், மரியாதையாகத்தான், எஞ்சினை நிற்பாட்டி டிக்கியைத் திறக்கச் சொன்னானாம். அத்தான் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்த் திறந்தார். எஞ்சின் நின்றதால் எல்லாம் அமைதி. அந்த அமைதியில் டின் ஒரு தடவை டிக் என்றது.

"மொகக்த மே?" என்று கேட்டான், இது என்ன என்று.

அத்தான் நல்ல சிங்களத்தில் உண்மையைச் சொன்னார். "மம தன்னே நே." எனக்குத் தெரியாது.

பிறகு கத்தலும் ஓட்டமும். அக்காவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு மதிலுக்குப் பின்னால் இருத்தினார்கள். தெருவை மூடினார்கள். குண்டு கழற்றுகிறவர்கள் வந்து, டின் டிக்கிக்குள் இருந்தபடியே, தண்ணீரைப் பீச்சி அடித்துத் திறந்தார்கள். டிக்கி மூடி பறந்து போனது. உள்ளே இருந்தது பெற்றோல் பம்பும் ரியூப் ரப்பரும். ஆனால் தெரியாது என்று சொன்ன மனுசனை விடவில்லை. அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவரைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். அத்தான் அங்கே, கார் தன் மனைவியின் தம்பியுடையது, எல்லாம் அவரே திருத்துகிறவர், வந்தால் விளக்குவார் என்று சொல்லியிருக்கிறார். கடைக்கு ஆள் வந்தது.

நான் போனேன். மேசையில் டின் இருந்தது. ரோசாப்பூ நடுவில் கிழிந்திருந்தது. வயர்கள் ஈரமாகத் தொங்கின. ஒரு பக்கத்தில் சில தமிழ்ப் பொடியள் சுவரோடு தரையில் குந்தியிருந்தார்கள், ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொரு பக்கத்தில் அரைக்கதவு போட்ட அறை. கதவுக்குக் கீழே அத்தானின் செருப்புக் கால் தெரிந்தது. பாட்டா மாதிரி விரலிடைச் செருப்பு அவர் போடமாட்டார். தோல் செருப்பு, பின்வாருடன். எங்கே கண்டாலும் எனக்கு அது தெரியும்.

அதிகாரி குரலை உயர்த்தவில்லை. டின்னைப் பேனையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"முதலாளி, மேக கவுத ஹதுவே?"

இதைச் செய்தது யார். வாழ்நாள் முழுக்க நான் யாரும் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி அது. மாடிப்படிக்கும் கேற்றுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நான் ஓடி ஓடிப் பதில் சொன்ன கேள்வி. சுவரோடு இருந்தவர்களை ஒரு தடவை பார்த்தேன்.

"கராஜ் எகக், மஹத்தயா," என்றேன். ஒரு கராஜ்.

கதவுக்குக் கீழே தெரிந்த செருப்புக் கால் கொஞ்சம் உள்ளே இழுபட்டது.

எந்தக் கராஜ் என்று கேட்டார். பஞ்சிகாவத்தைப் பக்கம் என்றேன். கராஜ்காரனைக் கூட்டிக்கொண்டு வா என்று என்னை விட்டார்கள். பிறகு அத்தானிடம் போய், நீ மச்சான் செய்தது என்றாய், அவன் கராஜ் என்கிறான், யார் பொய் என்று கேட்டிருக்கிறார்கள். இதை அந்தப் பொலிசில் இருந்த ஒரு சார்ஜன்ற் பிற்பாடு எனக்குச் சொன்னார். அத்தான், கராஜாகவும் இருக்கலாம், நான் பிழையாகச் சொல்லியிருப்பேன் என்றாராம். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். பேச்சை மாற்றுகிற தமிழன் என்று அவரை மேலிடத்துக்கு எழுதிவிட்டார்கள். மேலே கடதாசி போனபிறகு அது லேசில் கீழே வராது.

நான் என்ன செய்தேன்? கராஜ்காரனைத் தேடினேன். பஞ்சிகாவத்தையில் சாமான் வாங்கும்போது வழக்கமாக என்னோடு பகிடி விடுகிற ஒரு முஸ்லிம் கராஜ்காரரிடம் போய், உங்கட கராஜில் செய்தது என்று ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கோ என்று கேட்டேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மொதலாளி, இத்தன காலத்துக்கும் ஒரு நட்டுக் கூட எங்கட கைல நீங்க தரல்ல. இத மட்டும் எனக்கா தாறீங்க?"

"ஒரு உதவிதான்..."

"எனக்கும் புள்ளைகள் இருக்கு. நீங்க செஞ்சதுதானே? நீங்க போய்ச் சொன்னா ஒங்க மூஞ்சப் பாத்தே நம்புவானுகள். இந்த ஊர்ல வேற யாரு பிஸ்கட் டின்ல பம்ப் வெப்பான்?"

வெட்கத்தோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அக்கா கண்ணில் கட்டோடு கட்டிலில் இருந்தாள். என் நடைச் சத்தத்தில் எழும்பினாள்.

"தம்பி, பொலிசிலை கதைச்சனியோ?"

"கதைச்சனான் அக்கா."

"என்னவாம்?"

"விசாரிக்கினமாம்."

"அப்ப விட்டிடுவினம். உவர் பொய் சொல்லத் தெரியாத மனுசனெல்லே. முகத்தைப் பாத்தாலே தெரியும். நீ சாப்பிட்டனியோ?"

நான் சாப்பிட்டேன் என்று சொன்னேன். அதுவும் பொய். இறங்கி வந்து படியில் இருந்தேன். அவர் எனக்காகப் பொய் சொன்னது அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் என் பொய்யை அந்தச் செருப்புக் கால் கேட்டது தெரியும். இப்படியே பயந்து, நாளைக்கு நாளைக்கு என்று இழுத்து, ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், போய்விட்டது. அந்தக் கிழமையில் நான் கடையைத் திறந்தேன், வியாபாரம் செய்தேன், யாராவது அத்தானைப் பற்றிக் கேட்டால் முயற்சி செய்கிறோம் என்றேன். இதை ஒளித்துவைக்க நான் விரும்பவில்லை. பஞ்சிகாவத்தைக்காரர் சொன்ன மாதிரி, அந்தக் கேள்விக்கு என் மூஞ்சியே பதில். அதைக் கொண்டுபோய்க் காட்ட எனக்கு ஒரு கிழமை பிடித்தது.

பிறகு நடந்ததுதான் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதை நானே நூறு இடத்தில் சொல்லியிருக்கிறேன், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். குறடும் திருப்புளியும் போட்ட ஆயுதப் பையைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். செய்தது நான்தான், இப்போது உங்கள் முன்னால் செய்து காட்டுகிறேன் என்றேன். கிழிந்த டின்னைக் கொண்டுவரச் செய்தேன். ஜீப்பிலிருந்து பற்றரி கழற்றித் தந்தார்கள். ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன். வயரைக் கொழுவியதும் பம்ப் டிக் டிக் டிக் என்று அடித்துத் தண்ணீரை இழுத்து மேசை முழுக்கத் துப்பியது. சார்ஜன்ற் சிரித்தார். அதிகாரியும் சிரித்தார். எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். ஏன் முதல் நாள் கராஜ் என்றாய் என்று கேட்டார்கள். பயத்தில் சொன்னேன் என்றேன். அடுத்த அறையில் அத்தான் இருக்கும்போது தேத்தண்ணி குடித்தேன்.

மேலே போன கடதாசி கீழே வரப் பிறகும் சில கிழமைகள் சென்றன. அதற்குள் அத்தானை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. வந்தபோது தாடி வெள்ளையாக வளர்ந்திருந்தது. வலது காது கேட்கவில்லை. அதன்பிறகு அவரோடு கதைக்க வேண்டுமென்றால் இடது பக்கம் போய் நிற்க வேண்டும். நினைவு மலரில் பிற்காலத்தில் செவிப்புலன் குன்றியது என்று போட்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் அல்ல. எந்த மாதம் என்று எனக்குத் தெரியும்.

கார் பொலிசிலிருந்து திரும்பி வந்தது, டிக்கி மூடி இல்லாமல். நான் அதைத் தொடவில்லை. பஞ்சிகாவத்தைக்காரரிடம் கொண்டுபோய் விட்டேன். அவர் பம்பைப் பழையபடி பொனற்றுக்குள் வைத்து, வயரைச் சாவியோடு இணைத்து, மூடி போட்டுத் தந்தார். முன்பு போலவே வெயிலில் நின்றது. ஈரத் துணி சுற்றினோம். யார் ஓட்டினாலும் ஈரத் துணி சுற்றத் தெரிந்தது.

அத்தான் வந்த சில நாளில் நான் பழம் வாங்கிக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேசையில் இருந்தார். வலது பக்கம் இருந்து ஏதோ சொன்னேன், கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பி மற்றப் பக்கம் போனேன்.

"தம்பி, இரும்," என்றார். "அந்த டின் என்னமாதிரி வேலை செய்யிறதெண்டு எனக்குச் சொல்லித் தாரும்."

இரண்டு தம்ளர் எடுத்து, ஒன்று தாங்கி, ஒன்று எஞ்சின் என்று வைத்தேன். நடுவில் தீப்பெட்டியை வைத்து இது பம்ப் என்றேன். நூலை வயராக வைத்தேன். பற்றரியிலிருந்து நேரே போகிறது, சாவியை எடுத்தாலும் நிற்காது, சுவிச் இருக்கைக்குக் கீழே, அதனால்தான் அந்தச் சத்தம். அவர் குனிந்து, இடது காதைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் கேட்டார். கந்தோரில் ஒரு பத்திரத்தைப் படிக்கிற மாதிரி. இடையில் ஒரு கேள்வி கேட்டார், சரியான கேள்வி: அப்ப சுவிச்சை அணைச்சிருந்தால் சத்தம் வந்திராதோ?

"வந்திராது அத்தான்."

நூலை விரலால் நேராக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"இவ்வளவுதானோ?"

"ஓம் அத்தான்."

"எனக்கு விளங்குதே."

அவ்வளவுதான் சொன்னார். கராஜ் என்று நான் சொன்னதைக் கேட்டீர்களா என்று நானும் கேட்கவில்லை. அக்கா அடுக்களையிலிருந்து வந்து, தம்பி இல்லாட்டி நீங்கள் இண்டைக்கும் உள்ளைதான் என்றாள். அவர் அவளைப் பார்த்து, ஓம் என்று தலையாட்டினார். பிறகு தீப்பெட்டியை எடுத்து அவளிடம் கொடுத்தார், அடுப்பு மூட்ட.

அதன்பிறகும் எனக்கு வந்த பத்திரங்களை அவர்தான் நிரப்பினார். விளங்கிச்சோ தம்பி என்று கேட்பதையும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி எனக்கு எங்கே குத்தியது என்று அவருக்குத் தெரியாமலிராது. ஆனால் குத்துவதற்காகக் கேட்டவர் அல்ல.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து ஆட்கள் போனபிறகு, மலரை எழுதிய மூத்த மருமகனை, அத்தானின் மகனை, கூப்பிட்டு இருத்தினேன். கனடாவிலிருந்து வந்தவர். நடந்ததைச் சொன்னேன், சுவிச்சையும் கராஜையும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, அந்தக் காலம் அப்பிடி. ஒருத்தரையும் குறை சொல்லேலாது. யுத்தம்தானே எல்லாத்துக்கும் காரணம்."

"யுத்தமோ சுவிச்சை ஒளிச்சது?"

"அப்பா ஒருநாளும் உங்களைப் பற்றிப் பிழையாச் சொன்னதில்லை."

"அதுதான் நான் சொல்லுறன்."

"விடுங்கோ மாமா. அம்மாவுக்கு இப்ப இதெல்லாம் ஏன்?"

அக்காவுக்கு இப்போது இரண்டு கண்ணும் தெரியாது. பேத்திமார் வாசித்துக் காட்டுவதைக் கேட்கிறாள். மலரை அவளுக்கு வாசித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மைத்துனரின் துணிச்சல் என்று வந்த இடத்தில் என் கையைத் தேடிப் பிடித்தாள். அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. இந்த வயதில் அவளிடம் வாயால் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால் எழுதித் தருகிறேன், அச்சில் வரட்டும்.

மலர் அடித்த பிள்ளைகளே, காலம், யுத்தம், விதி என்று நீங்கள் எல்லாவற்றையும் அவற்றின் தலையில் கட்டிவிடுகிறீர்கள். யுத்தம் செய்ததை யுத்தத்துக்குக் கொடுங்கள். என் அத்தானின் காதில் கை வைத்தவன் யாரென்று எனக்குத் தெரியாது, அவனுடைய பங்கு அவனுக்கு இருக்கட்டும். ஆனால் டின்னில் பம்ப் வைத்தது நான். சுவிச்சை ஒளித்தது நான். உங்களுக்கு விளங்காது என்று சொன்னது நான். கேட்ட இடத்தில் வேறு ஒருவர் செய்ததென்று சொன்னது நான், வாழ்நாளில் அந்த ஒரே தடவை. என் கையால் செய்ததை வேறு எதற்கும் எழுதிக்கொடுக்க நான் சம்மதித்ததில்லை. இதற்கும் சம்மதிக்கமாட்டேன்.

வருஷம் முடிய ஆட்டைத் திவசத்துக்கு மறுபடி மலர் அடிப்பீர்கள். அந்த இடத்தை எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள்: அவரை உள்ளே போட்டதில் மைத்துனருக்குப் பங்கு உண்டு, வெளியே எடுத்ததிலும் உண்டு, முதலாவதற்குப் பிறகுதான் இரண்டாவது. என் பெயரை முழுதாகப் போடுங்கள். போட்டுவிட்டு, அக்காவுக்கு அந்தப் பக்கத்தை, ஒரு வரியும் தாண்டாமல், விளங்குகிற மாதிரி வாசித்துக் காட்டுங்கள்.